காய்ச்சல் வார்டில் வரும் ரியாக்‌ஷன்: மருந்தா, நோயா, போட்ட வேகமா?

கேள்வி: வார்டு பார்மசிஸ்ட்

வணக்கம். தொற்றுநோய் படுக்கைகள் உள்ள பொது மருத்துவ வார்டில் மருந்து விளைவுகளைப் பதிவு செய்வது என் வேலை. ஊசி போட்ட பிறகு எது நடந்தாலும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 'அலர்ஜி' என்று ஒரே வார்த்தை விழுந்துவிடுகிறது. அடிக்கடி பார்க்கிற நான்கு நிலைமைகள் கீழே.

1. வான்கோமைசின் 1 கிராம், 100 மி.லி. நார்மல் சலைனில், அரை மணி நேரத்தில் ஓடுகிறது. 15, 20 நிமிடத்தில் முகம், கழுத்து, மேல்மார்பு சிவந்து அரிப்பு. பிபி சரியாக இருக்கிறது. மருந்தை மாற்றிவிடுகிறார்கள்.

2. எலிக்காய்ச்சல் சந்தேகம். கிரிஸ்டலைன் பென்சிலின் 15 லட்சம் யூனிட், 6 மணிக்கு ஒரு முறை. டெஸ்ட் டோஸ் நெகட்டிவ். முதல் டோஸ் போட்டு இரண்டு, மூன்று மணி நேரத்தில் கடும் குளிர் நடுக்கம், காய்ச்சல் ஏறுகிறது, பிபி கொஞ்சம் இறங்குகிறது. பென்சிலின் நிறுத்தப்படுகிறது.

3. மெலியாய்டோசிஸ் (மண்ணில் வாழும் பாக்டீரியாவால் வரும் தொற்று), அதிக அளவு கோட்ரைமாக்சசோல். ஐந்தாம் நாள் கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் எண்) 0.9-லிருந்து 1.3, பொட்டாசியம் 5.8.

4. காசநோய் மருந்து தொடங்கி மூன்றாவது வாரம். ஏஎல்டி (கல்லீரல் நொதி) 210. நோயாளி நன்றாகச் சாப்பிடுகிறார், வாந்தி இல்லை.

இவற்றில் எது மருந்தால், எது நோயால் என்று எப்படிப் பிரிப்பது? எதில் நிறுத்த வேண்டும்? கேஸ் ஷீட்டில் என்ன எழுதினால் அடுத்த முறை சேர்க்கும்போது உபயோகப்படும்?

---

மருந்தியல் துறை

நான்கும் நான்கு வேறு சங்கதி. நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்துப் பார்த்தால் ஒன்றுகூட வழக்கமான அலர்ஜி இல்லை.

முதலில் நேரக்கோடு போடுங்கள். ஒரு முழுத்தாளைப் படுக்கைவாட்டில் வைத்து மேலே நாட்களைக் குறியுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் தொடங்கிய நாளிலிருந்து நிறுத்திய நாள் வரை ஒரு கோடு. பாரசிட்டமால், ஆண்டன்செட்ரான், பான்டோப்ரசோல், ஏற்றிய ரத்தம், ஸ்கேனுக்குப் போட்ட கான்ட்ராஸ்ட் எதையும் விடாதீர்கள். குற்றவாளி பல நேரம் ஆன்டிபயாட்டிக்காக இருக்காது. சேர்வதற்கு முன் வெளியே வாங்கிச் சாப்பிட்டதும் ஒரு கோடு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து, முந்தின கிளினிக்கில் போட்ட ஊசி எல்லாம் இதில் அடங்கும். கீழே வெப்பநிலை, தடிப்பு, கிரியாட்டினின், ஏஎல்டி, ஈசனோஃபில் (ஒரு வகை வெள்ளையணு), பிளேட்லெட். இந்தத் தாள் தயாரானால் பாதிக் கேள்விக்கு விடை அதிலேயே தெரியும்.

காரணம், ஒவ்வொரு விளைவுக்கும் அதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான கடும் அலர்ஜியான அனஃபிலாக்சிஸ் நிமிடங்களில் வரும், அதிகம் போனால் ஒரு மணி நேரம். சின்னச் சின்ன சிவப்புத் தடிப்பு முதல் முறை மருந்து எடுப்பவருக்கு 5-லிருந்து 14 நாளுக்குள். ஏற்கனவே அதே மருந்துக்குத் தடிப்பு வந்தவருக்கு ஓரிரு நாளிலேயே. ஸ்டீவன்ஸ் ஜான்சன் 4-லிருந்து 28 நாளுக்குள். ட்ரெஸ் எனப்படும், ஈசனோஃபில் ஏறி உள்ளுறுப்புகளையும் தாக்கும் வகை 2-லிருந்து 8 வாரம். மருந்துக் காய்ச்சல் பெரும்பாலும் 7-லிருந்து 10 நாள். லினசோலிடால் பிளேட்லெட் இறங்குவது 10, 14 நாள் கடந்த பிறகு. அமிக்காசின், ஜென்டாமைசினால் கிரியாட்டினின் ஏறுவது பொதுவாக 5-லிருந்து 7 நாள் ஆன பிறகு. நேற்று மாலை தொடங்கிய மெரோபெனத்தை இன்று காலை தெரியும் தடிப்புக்குக் குற்றம் சொல்வதற்கு முன், போன வாரம் தொடங்கியது என்ன என்று பாருங்கள்.

இனி உங்கள் முதல் நிலைமை. வான்கோமைசின், அலர்ஜியில் பங்கெடுக்கும் மாஸ்ட் செல்களை நேரடியாகத் தூண்டி ஹிஸ்டமினை வெளியே தள்ளுகிறது. அதற்கு முன் உணர்திறன் தேவையில்லை, ஐஜிஈ (அலர்ஜி ஆன்டிபாடி) தேவையில்லை. முதல் டோஸிலேயே வரலாம். எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு அதிகம். எனவே இது போட்ட விதத்தின் பிழை. நிமிடத்துக்கு 10 மி.கி.க்கு மேல் போகக் கூடாது, அதாவது 1 கிராமுக்குக் குறைந்தது 100 நிமிடம். 1.5 கிராம் என்றால் 150 நிமிடம். கரைசலின் அடர்த்தி மி.லி.க்கு 5 மி.கி. தாண்டக் கூடாது, அதாவது 1 கிராமுக்கு 200 மி.லி.யாவது வேண்டும். நீங்கள் எழுதிய 100 மி.லி., அரை மணி இரண்டும் தவறு. கூடவே மார்ஃபின் மாதிரி ஓபியாய்டு ஓடினால் இன்னும் மோசமாகும், அதுவும் ஹிஸ்டமினை வெளிவிடுகிற மருந்து.

சிவப்பும் அரிப்பும் மட்டும் என்றால் நிறுத்துங்கள், ஃபெனிராமைன் போடுங்கள், அடங்கிய பிறகு பாதி வேகத்தில் மறுபடி தொடங்குங்கள். மருந்தை மாற்ற அவசியமில்லை. எம்ஆர்எஸ்ஏ (மெத்திசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டாஃப் கிருமி) ரத்தத்தில் இருக்கும் நோயாளியிடமிருந்து வான்கோமைசினைப் பறிப்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் பிபி இறங்குதல், மூச்சில் விசில், குரல் கம்மல், நாக்கு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, இவற்றில் ஏதாவது இருந்தால் வேகமா அலர்ஜியா என்று விவாதிக்க நேரமில்லை. அட்ரினலின் 0.5 மி.கி.: மி.லி.க்கு 1 மி.கி. உள்ள ஆம்பியூலில் பாதி, தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில், தசைக்குள். சரியாகவில்லை என்றால் 5 நிமிடம் கழித்து மறுபடி. ஏவிலும் (ஃபெனிராமைன்) எஃப்கார்லினும் (ஹைட்ரோகார்ட்டிசோன் ஸ்டீராய்டு) போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் பல வார்டுகளில் நடக்கும் தவறு. இரண்டும் மூச்சுக்குழாயையும் பிபியையும் அந்தச் சில நிமிடங்களில் காப்பாற்றாது. வசதி இருந்தால் 1-லிருந்து 2 மணி நேரத்துக்குள் டிரிப்டேஸுக்கு (மாஸ்ட் செல்கள் வெளிவிடும் நொதி) ரத்தம் எடுத்து வையுங்கள்.

டெஸ்ட் டோஸ் பற்றி ஒரு வார்த்தை. கரைத்த செஃப்ட்ரியாக்சோனை அப்படியே 0.1 மி.லி. தோலுக்குள் போட்டுப் பார்ப்பது பழக்கமே தவிரச் சோதனை இல்லை. அடர்ந்த கரைசல் தோலை உறுத்தியே சிவக்க வைக்கும். எதுவும் வராததால் முழு டோஸில் ஒன்றும் ஆகாது என்ற உத்தரவாதமும் இல்லை. அந்த நேரத்தில் "முன்பு எந்த ஊசிக்காவது மூச்சு முட்டியதா, உடம்பெல்லாம் தடித்ததா, எத்தனை நிமிடத்தில்" என்று கேட்டு எழுதினால் அதிகப் பயன்.

---

தொற்றுநோய் மருத்துவர்

இரண்டாவது நிலைமைக்கு வருகிறேன், இதுதான் பட்டியலில் அதிக விலை கொடுக்க வைப்பது.

எலிக்காய்ச்சலில் முதல் டோஸுக்குப் பிறகு சில மணி நேரத்தில் வரும் நடுக்கமும் காய்ச்சலும் யாரிஷ்–ஹெர்க்ஸ்ஹைமர் வினை. கிருமிகள் மொத்தமாகச் சாகும்போது வெளியாகும் பொருட்களுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு. பென்சிலினுக்கு மட்டும் உரியதும் இல்லை. டாக்சிசைக்ளின் கொடுத்தாலும் வரும். சிபிலிஸ் சிகிச்சையிலும் இதே கதை. ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். இரண்டாவது, மூன்றாவது டோஸில் திரும்பாது.

அனஃபிலாக்சிஸிலிருந்து எப்படிப் பிரிப்பது? அரிப்பு, பொங்கித் தடித்த தழும்பு, விசில் இல்லை. தொடங்கியது நிமிடங்களில் இல்லை, மணி நேரம் கழித்து. வெப்பநிலை சட்டென்று ஏறியிருக்கும். சலைன், பாரசிட்டமால், பிபியைக் கவனித்தல் போதும். சிலருக்கு பிபி நன்றாகவே இறங்கும், அவர்களை ஐசியு பார்வையில் வையுங்கள். பென்சிலினைத் தொடருங்கள். இங்கே 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதிவிட்டால் அந்த நோயாளிக்கு வாழ்நாள் முழுக்க, தேவையில்லாத இடத்திலெல்லாம், அகலமான ஆன்டிபயாட்டிக்தான்.

ஒரு எச்சரிக்கை. அதே இரண்டு மணி நேரத்தில் வேறொன்றும் நடக்கலாம்: பழைய வென்ஃப்ளான் (நரம்பில் செருகிய ஊசிக்குழாய்), அல்லது அழுக்கான டிரிப். ஊசி, டிரிப் ஓடும் ஒவ்வொரு முறையும் நடுக்கம் வந்தால் ஹெர்க்ஸ்ஹைமரும் இல்லை, மருந்தும் இல்லை. லைனைக் கழற்றி, பிளட் கல்ச்சர் எடுக்க வேண்டும்.

நோயே மருந்து விளைவு போல வேஷம் போடும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. உண்ணிக்காய்ச்சலிலும் டெங்குவிலும் ஏஎல்டி, ஏஎஸ்டி சேரும்போதே ஏறியிருக்கும். முதல் நாள் எல்எஃப்டி (கல்லீரல் பரிசோதனை) இல்லாமல், நான்காம் நாள் எடுத்து 160 பார்த்து டாக்சிசைக்ளின் மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை. டெங்கு தணியும்போது வரும் சிவப்பு, நடுவில் வெள்ளைத் தீவுகளோடு, எந்த மருந்துக்கும் சம்பந்தமில்லாதது. சுரப்பிக் காய்ச்சல் உள்ளவருக்கு அமாக்சிசிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் தடிப்பது தொற்றும் மருந்தும் சேர்ந்து செய்வது. பின்னாளில் பெரும்பாலானோர் அதே மருந்தைத் தாங்கிக்கொள்கிறார்கள்.

மருந்துக் காய்ச்சல்: கல்ச்சர் சுத்தம், வெள்ளையணு இறங்கிவிட்டது, நோயாளி எழுந்து உட்கார்ந்து டீ குடிக்கிறார், ஆனால் தினமும் 102. இப்படி இருந்தால் எட்டாவது நாள் ஆன்டிபயாட்டிக்கை மேலும் 'உயர்த்த' வேண்டாம், பீட்டா-லாக்டத்தை (பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் வகை) நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் 48-லிருந்து 72 மணி நேரத்தில் இறங்கிவிடும். ஈசனோஃபில் ஏறியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதை நம்பித் தவறவிடுகிறார்கள்.

தடிப்பில் உடனே மணி அடிக்க வேண்டியவை: தோல் தொட்டால் வலி (அரிப்பு இல்லை, வலி), கண், வாய், பிறப்புறுப்பில் புண், கொப்புளம், முக வீக்கத்தோடு காய்ச்சல். இதில் ஒன்று இருந்தாலும் சந்தேக மருந்துகள் அத்தனையும் அன்றைக்கே நிறுத்தப்பட வேண்டும். அந்த மருந்தை மறுபடி கொடுத்துப் பார்க்கும் பேச்சே இல்லை.

---

ஸ்டாஃப் நர்ஸ், சீனியர்

டாக்டர்கள் 100 நிமிடம் என்று எழுதிவிடுவார்கள். பம்ப் இல்லாத வார்டில் அது சொட்டுக் கணக்கு. மி.லி.க்கு 20 சொட்டு விழும் சாதாரண செட்டில் 250 மி.லி.யை 100 நிமிடத்தில் விட நிமிடத்துக்கு 50 சொட்டு. இரண்டு மணி நேரம் என்றால் 42. 50 சொட்டைக் கண்ணால் எண்ணி வைப்பது கஷ்டம், அதனால் டாக்டரிடம் கேட்டு இரண்டு மணி நேரமாகவே வைத்துக்கொள்வது நல்லது. செட் கவரில் சொட்டு எண்ணிக்கை அச்சிட்டிருக்கும், பார்த்துக் கணக்குப் போடுங்கள். மைக்ரோ செட் என்றால் கணக்கே வேறு, அதில் மி.லி.க்கு 60 சொட்டு.

சொட்டை வைத்துவிட்டுப் போனால் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். முழங்கை மடிப்பில் வென்ஃப்ளான் இருந்தால், கையை மடக்கும்போது நின்று, நீட்டும்போது ஓடும். நிற்கிறது என்று உதவிக்கு இருப்பவர் கிளாம்பைத் திறந்துவிடுவார்; பிறகு நோயாளி கை நீட்டியதும் மிச்சம் பத்து நிமிடத்தில் போய்விடும். பாட்டிலில் பிளாஸ்டர் ஒட்டி, கால் மணிக்கு ஒரு கோடு போட்டு, நேரம் எழுதி வையுங்கள். ரியாக்‌ஷன் வந்தால் எந்தக் கோட்டில் வந்தது என்று எழுதலாம். உங்களுக்கு வேண்டிய விவரமே அதுதானே.

ரியாக்‌ஷன் வந்ததும் கிளாம்பை மூடினால் மட்டும் போதாது. குழாயில் நிற்கும் மருந்தை சலைன் தள்ளி ஃப்ளஷ் செய்துவிட்டால் மிச்ச டோஸையும் நாமே போட்டதாக ஆகும். செட்டை வென்ஃப்ளானிலிருந்து கழற்றி, புது செட்டில் சலைன் மாட்ட வேண்டும். வென்ஃப்ளானை எடுக்கக் கூடாது, அட்ரினலினுக்குப் பிறகு டிரிப் கொட்ட வேண்டியிருக்கும். வயலையும் பாட்டிலையும் குப்பையில் போடாதீர்கள். பேட்ச் நம்பர், காலாவதி தேதி இரண்டும் அதில்தான்.

ஒரே லைனில் சேரக் கூடாதவை இரண்டு சொல்கிறேன். செஃப்ட்ரியாக்சோன் ரிங்கர் லாக்டேட்டோடு கூடாது, கால்சியத்தோடு சேர்ந்து படியும். 28 நாளுக்குட்பட்ட குழந்தைக்குக் கால்சியம் உள்ள டிரிப் ஓடுகிறது என்றால் அந்த மருந்தே கூடாது. பூஞ்சைத் தொற்றுக்கான ஆம்போடெரிசினுக்கு சலைன் கூடாது, 5% டெக்ஸ்ட்ரோஸ்தான். லைனைக் கழுவுவதும் டெக்ஸ்ட்ரோஸால்தான்.

---

வார்டு பார்மசிஸ்ட்

மிக்க நன்றி. சிஸ்டர், கோடு போடும் யோசனை இன்றே சொல்லிவிடுகிறேன். இரண்டு துணைக் கேள்வி. எங்கள் யூனிட்டில் வான்கோமைசினுக்கு முன் எல்லாருக்கும் ஏவில், எஃப்கார்லின் போடச் சொல்கிறார்கள், அது சரியா? ஆம்போடெரிசினில் நடுக்கமும் கிரியாட்டினினும் எப்போதும் பிரச்சினை, அதற்கு நடைமுறை என்ன?

---

மருந்தியல் துறை

எல்லாருக்கும் தேவையில்லை. வேகம் சரியாக இருந்தால் பெரும்பாலானோருக்கு எதுவும் வராது. ஏவில் போட்ட வயதானவர் மயக்கமாகக் கிடப்பார், சிறுநீர் கட்டும். பிறகு 'செப்சிஸ் குழப்பம்' என்று ஸ்கேன் எடுப்பார்கள். முந்தின டோஸில் சிவந்தவர், மருந்து அவசரமாகத் தேவைப்பட்டு வேகத்தைக் குறைக்க வழியில்லாதவர், இவர்களுக்கு ஆன்டிஹிஸ்டமின் போடலாம். இதில் ஸ்டீராய்டுக்கு வேலையே இல்லை. சர்க்கரையை ஏற்றும், காய்ச்சலை மறைக்கும்.

---

சிறுநீரகப் பிரிவு

ஆம்போடெரிசினில் முதலில் எந்த வகை என்று வயலைப் பார்க்க வேண்டும். சாதாரண டீஆக்சிகோலேட் வகையின் டோஸ் நாளொன்றுக்கு கிலோவுக்கு 0.7-லிருந்து 1 மி.கி.; 1.5-ஐத் தாண்டவே கூடாது. லைப்போசோமல் வகையில் மியூகர்மைகோசிஸுக்கு கிலோவுக்கு 5 மி.கி. போகிறது. இந்த 5 மி.கி. கணக்கைச் சாதாரண வகை வயலுக்குப் போட்டால் இதயம் நிற்கும் அளவுக்கு ஆபத்து. 2021-இல் கறுப்புப் பூஞ்சை அலையில் ஒன்று கிடைக்காமல் மற்றொன்றுக்கு மாறிய மருத்துவமனைகளில் இந்தக் குழப்பத்துக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆர்டரில் வகையின் பெயர் இல்லாமல் 'ஆம்போ' என்று மட்டும் எழுதியிருந்தால் பார்மசி அதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

சாதாரண வகை: 50 மி.கி. வயலை 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டரில் கரைத்து, 500 மி.லி. 5% டெக்ஸ்ட்ரோஸில், 4-லிருந்து 6 மணி நேரம். அதற்கு முன், இதயமும் நுரையீரலும் தாங்குமானால், 500 மி.லி.யிலிருந்து 1 லிட்டர் நார்மல் சலைன், தனியாக. சிறுநீரகத்தைக் காக்க நம் கையில் இருப்பதில் மலிவானதும் பலன் தருவதும் இந்தச் சலைன்தான். நடுக்கத்துக்கு முன்கூட்டியே பாரசிட்டமால். வந்துவிட்டால் பெத்திடின் 25 மி.கி. மெதுவாக. பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்ந்தே வெளியேறும். மக்னீசியத்தைச் சரி செய்யாமல் பொட்டாசியம் மட்டும் கொட்டினால் அது ஏறாது. வாரம் இரண்டு, மூன்று முறையாவது இரண்டையும் பாருங்கள்.

லைப்போசோமல் வகையில் சிறுநீரகச் சேதம் குறைவுதான், இல்லாமல் போகாது. அதற்கே உரிய ஒன்று: ஆரம்பித்த சில நிமிடங்களில் மார்பு, முதுகு அல்லது விலாப் பக்க வலி, மூச்சுத்திணறல், சிவப்பு. ஹார்ட் அட்டாக் என்று ஓடுவார்கள். நிறுத்தி ஆன்டிஹிஸ்டமின் போட்டால் அடங்கும், பிறகு மெதுவாகத் தொடரலாம். ஈசிஜி எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, எடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

இப்போது உங்கள் மூன்றாவது நோயாளி. கோட்ரைமாக்சசோலில் உள்ள ட்ரைமெத்தோப்ரிம் இரண்டு வேலை செய்கிறது, இரண்டையும் ஒன்றாகப் படிக்கக் கூடாது. ஒன்று, சிறுநீரகக் குழாய் கிரியாட்டினினை வெளித்தள்ளுவதைத் தடுக்கிறது. வடிகட்டும் திறன் குறையாமலே எண் ஏறும், முதல் சில நாட்களில் ஏறி ஒரு மட்டத்தில் நிற்கும், யூரியா கூடவே ஏறாது. 0.9-லிருந்து 1.3 இதற்குள் அடங்கும். இரண்டாம் வாரத்திலும் ஏறிக்கொண்டே போனால், யூரியாவும் சேர்ந்தால், சிறுநீர் குறைந்தால் அது உண்மையான சேதம்.

மற்றது பொட்டாசியம். அது கண்கட்டு இல்லை. குழாயின் கடைசிப் பகுதியில் சோடியம் நுழையும் வழியை ட்ரைமெத்தோப்ரிம் அடைத்துவிடுகிறது, அமிலோரைடு என்ற நீர்ப்போக்கி மாத்திரை மாதிரி. பொட்டாசியம் வெளியேற முடிவதில்லை. 60 கிலோவுக்கு மேற்பட்ட மெலியாய்டோசிஸ் நோயாளிக்கு டோஸ் 12 மணிக்கு ஒரு முறை 320/1600 மி.கி., இரண்டு டிஎஸ் (இரட்டை அளவு) மாத்திரை, குறைந்தது 12 வாரம். பலர் சர்க்கரை நோயாளிகள், பொட்டாசியத்தை ஏற்றும் பிபி மாத்திரைகளான எனாலப்ரிலோ டெல்மிசார்டனோ எடுப்பவர்கள், சிலருக்கு ஸ்பைரனோலாக்டோனும் ஓடும். 5.8 வந்தால் முதலில் ஈசிஜி, பிறகு கூட ஓடும் இந்த மாத்திரைகளை நிறுத்துவது, உணவிலிருந்து இளநீரையும் பழச்சாற்றையும் எடுப்பது, அடுத்த நாள் மறுபரிசோதனை. காய்ச்சல்காரர் என்று அன்பாக இளநீர் வாங்கி வந்துகொண்டே இருப்பார்கள், கேட்டால்தான் தெரியும். ஈசிஜியில் மாற்றம் இருந்தாலோ 6.5-ஐத் தொட்டாலோ கால்சியம் குளூக்கோனேட்டும் இன்சுலின்–குளுக்கோஸும், கோட்ரைமாக்சசோலும் நிற்க வேண்டும்.

கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: வான்கோமைசினோடு பிப்பராசிலின்–டாசோபாக்டம் சேர்த்தால் கிரியாட்டினின் ஏறுவதிலும் ஒரு பகுதி இதே மாதிரிக் குழாய்த் தடைதான் என்று கருதப்படுகிறது. 2023-இல் வெளியான ஏகார்ன் ஆய்வில் பிப்பராசிலின்–டாசோபாக்டமையும் செஃபெபீமையும் ஒப்பிட்டபோது சிறுநீரகப் பாதிப்பில் வித்தியாசம் தெரியவில்லை; செஃபெபீம் பக்கம் மூளைக் குழப்பம் அதிகம். சிறுநீரகம் கெட்டவருக்குச் செஃபெபீம் டோஸைக் குறைக்காமல் விட்டால் பிதற்றல், தசை வெட்டு, வலிப்பு என்று போகும். அதைத் தொற்று மூளைக்கு ஏறியதாக நினைத்து டோஸைக் கூட்டுவதும் நடக்கிறது.

---

நெஞ்சக நோய்ப் பிரிவு

ஏஎல்டி 210க்கு. கணக்கு எளிது: அறிகுறி இருந்தால் இயல்பு வரம்பின் 3 மடங்குக்கு மேல், அறிகுறி இல்லாவிட்டால் 5 மடங்குக்கு மேல், இரண்டிலும் நிறுத்த வேண்டும். காமாலை வந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் லேப் வரம்பு 40 என்றால் 5 மடங்கு 200. நன்றாகச் சாப்பிட்டாலும் இவருக்கு நிறுத்தத்தான் வேண்டும். வரம்பு 50 போட்டிருக்கும் லேப் என்றால் 250 வரை தொடர்ந்து, இரண்டு மூன்று நாளில் மறுபடி பார்க்கலாம். ரிப்போர்ட்டின் வலது ஓரத்தைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

நிறுத்துவது ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றையும். எத்தாம்ப்யூட்டால் கல்லீரலைத் தொடுவது மிக அரிது. நோய் தீவிரம் என்றால் எத்தாம்ப்யூட்டாலோடு லெவோஃப்ளாக்சசின், தேவைப்பட்டால் ஒரு ஊசி மருந்து சேர்த்து இடைவெளியை ஓட்டலாம். ஹெபடைடிஸ் ஏ, பி, சி, இ நான்குக்கும் அனுப்புங்கள், மது பற்றிக் கேளுங்கள், காமாலைக்கு என்று கீழாநெல்லியோடு வேறெதுவும் சேர்த்துச் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். ஏஎல்டி ஏறாமல் பிலிருபின் மட்டும் முதல் இரண்டு வாரத்தில் லேசாக ஏறினால் அது ரிஃபாம்பிசின் கல்லீரலில் பிலிருபினோடு போட்டி போடுவது, தானே இறங்கும்.

ஏஎல்டி 2 மடங்குக்குக் கீழ் வந்த பிறகு ஒவ்வொன்றாக: முதலில் ரிஃபாம்பிசின், 3-லிருந்து 7 நாள் பார்த்து எல்எஃப்டி, பிறகு ஐசோனியசிட், மறுபடி எல்எஃப்டி. பைரசினமைடு கடைசி, ஆரம்பத்தில் சேதம் கடுமையாக இருந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம், மொத்தச் சிகிச்சையை 9 மாதமாக நீட்டலாம்.

நடைமுறையில் இடிப்பது மாத்திரைதான். திட்டத்தில் வருவது நான்கும் சேர்ந்த ஒரே மாத்திரை. ஐசோனியசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்ப்யூட்டால் 275. அதை உடைத்து ஒன்றைத் தனியாகக் கொடுக்க முடியாது. தனி மாத்திரைகளுக்கு மாவட்ட மையத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் எல்எஃப்டி இறங்கிய அன்றைக்கு வார்டில் இருப்பதைக் கொடு என்று நான்கையும் ஒன்றாகத் தொடங்கிவிடுவார்கள். ஏறினால் எதனால் என்று பிறகு யாருக்கும் தெரியாது. ரிஃபாம்பிசினால் பிளேட்லெட் விழுந்தவருக்கு மட்டும் அதைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கும் வேலையே கூடாது.

---

மருந்துக் கண்காணிப்பு மையம்

எழுதும் விஷயத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

'வான்கோமைசின் அலர்ஜி' என்பதற்குப் பதில் இப்படி: "வான்கோமைசின் 1 கிராம், 100 மி.லி. சலைன், சுமார் 30 நிமிட வேகம், முதல் டோஸ். 15-ஆவது நிமிடம் முகம், கழுத்தில் சிவப்பு, அரிப்பு. பிபி 118/76, விசில் இல்லை. நிறுத்தி, ஃபெனிராமைன், 40 நிமிடத்தில் அடங்கியது. இன்ஃபியூஷன் வேகத்தால் வந்த வினை. மெதுவாக மறுபடி கொடுக்கலாம்." எலிக்காய்ச்சல்காரருக்கு: "பென்சிலின் முதல் டோஸுக்கு இரண்டரை மணி நேரம் கழித்து நடுக்கம்; தடிப்பு இல்லை; அடுத்த டோஸ்கள் தொந்தரவின்றி ஏறின." கடைசி வாக்கியத்தை விடவே விடாதீர்கள். எந்த மருந்தைப் பிறகு தாங்கினார் என்பதுதான் அடுத்த டாக்டருக்குத் தேவை. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதுவே. உண்மையான அலர்ஜி என்றால் நோயாளி கையில் மருந்தின் பெயரைத் தமிழிலும் எழுதிய அட்டை.

மருந்துதான் காரணமா என்று மதிப்பிடும் நரஞ்சோ அளவுகோலில் பத்துக் கேள்வி. 9-உம் மேலும் உறுதி, 5-லிருந்து 8 மிகவும் சாத்தியம், 1-லிருந்து 4 சாத்தியம், 0-உம் கீழும் சந்தேகம். வான்கோமைசின் ஆளுக்குப் போடுங்கள்: முன்பே அறியப்பட்டது 1, மருந்துக்குப் பின் வந்தது 2, நிறுத்தியதும் குறைந்தது 1, வேறு காரணம் இல்லை 2, கண்ணால் உறுதி செய்தது 1. மொத்தம் 7. மறுபடி கொடுத்து அதே வந்தால்தான் 9-ஐத் தொடும். வார்டில் யாரும் அதற்காக மறுபடி கொடுக்கப்போவதில்லை, அதனால் பெரும்பாலான ஃபாரங்கள் 5-க்கும் 8-க்கும் நடுவில்தான் நிற்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காசநோய் மருந்து மாதிரி மூன்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால், மூன்றையும் சந்தேக மருந்தாக எழுதுங்கள். நமக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எழுதக் கூடாது.

எது ரிப்போர்ட்டில் போகும் என்று கேட்டால்: 1, 3, 4 மூன்றும் போகும். தெரிந்த விளைவு என்பதால் விட வேண்டியதில்லை. 2-ஐ நீங்கள் ஹெர்க்ஸ்ஹைமர் என்ற பெயரிலேயே அனுப்பலாம், 'அலர்ஜி' என்று அனுப்பினால்தான் தவறு. அடையாளம் தெரிகிற ஒரு நோயாளி (முதலெழுத்து போதும்), ஒரு விளைவு, ஒரு சந்தேக மருந்து, அனுப்புபவர்: இந்த நான்கும் இருந்தால் ஏற்றுக்கொள்வோம். காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம்தான் தேசிய ஒருங்கிணைப்பு மையம். அங்கிருந்து தகவல் உப்சாலாவில் உள்ள உலகத் தரவுத்தளத்துக்குப் போகிறது. பக்கத்தில் மையம் இல்லாதவர்கள் 1800-180-3024 கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். நர்ஸும் பார்மசிஸ்டும் அனுப்பலாம், டாக்டர் கையெழுத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ரிப்போர்ட் அனுப்புவது தவறை ஒப்புக்கொள்வதாகாது என்று ஃபாரத்திலேயே அச்சிட்டிருக்கிறது. தயங்கும் யூனிட் சீஃபிடம் அந்த வரியைக் காட்டுங்கள்.

முதலாவதில் ஒரு கூடுதல் வேலை. அது வேகத்தால் வந்தது என்றால் மருந்துப் பிழையும்கூட. விளைவு ஃபாரத்தோடு நின்றுவிடாமல் உங்கள் மருத்துவமனையின் மருந்துப் பிழைப் பதிவேட்டிலும் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமும் 100 மி.லி. சலைன்தான்.

---

ஸ்டாஃப் நர்ஸ், சீனியர்

அந்த 100 மி.லி. பாட்டில் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். வார்டு ஸ்டாக்கில் 250 மி.லி. இல்லாமல், இருப்பதில் கலக்குவார்கள். மாதாந்திர இன்டென்டில் (வார்டு கேட்டு எழுதும் பட்டியலில்) 250 மி.லி. சலைன் இருக்கிறதா என்று பார்மசியில் நீங்களே பார்த்துவிடலாமே.